முடி முளைத்த கால்வாய்

மதியச் சாப்பாடு முடிந்து பம்பு ஷெட்டின் நிழலில் கண்ணயர்ந்திருந்த துருகப்பாவின் தலைக்கடியிலிருந்து ஹுலிகெம்மா மூட்டையை உருவினாள். அவன் தலை தரையில் மோதிய சத்தம், காங்கிரீட் மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்த எனக்கே கேட்டது. துருகப்பா எங்கள் மேஸ்திரி. அதைவிட முக்கியம், ஹுலிகெம்மாவின் புருஷனுக்கு அண்ணன். அவன் எதிரில் வந்தால் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அவன் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றும் முந்தானை தலையில்தான் இருந்தது. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, இது தலைக்கு வெச்சுப் படுக்க வந்ததில்ல."

மூட்டைக்குள் இருந்தது நார். பிளாஸ்டிக் நார். சுண்டுவிரல் நகத்தளவு நீளம், தலைமுடியை விட மெல்லிசு, வெள்ளை நிறம். சிறுசிறு பொட்டலங்களாக வந்திருந்தது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு பொட்டலம் என்று கணக்கு. ஒன்பதாம் கிளைக் கால்வாய்க்குப் புதிதாகக் காங்கிரீட் பூசும் வேலை அது. சித்திரையில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். ஆடி பிறந்ததும் திறந்துவிட்டாக வேண்டும். கால்வாய் போய் முடிகிற கடைமடை ஊர் நெலகுண்டி. எங்களிடம் வேலை செய்த எட்டுப் பெண்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். நான் பக்கத்து டவுன் மான்வியிலிருந்து வருகிறவன், பெயர் லாலேசாப். இருபத்திரண்டு வருடமாக மிக்சர் ஓட்டுகிறேன்.

வேலை தொடங்கிய முதல் நாள் மௌனேஷ் என்ற இளம் இஞ்சினியர் வந்து நாரைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். அதனால்தான் கூலி ஆட்களிடம் நின்று விளக்கினார் என்று நினைக்கிறேன். இந்த வெயிலிலும் காற்றிலும் பூசிய காங்கிரீட்டின் மேல்தோல் நாலைந்து மணி நேரத்துக்குள் காய்ந்து இழுத்துக்கொள்ளும், உள்ளே இருப்பது இன்னும் ஈரமாக இருக்கும், அந்த இழுப்பில்தான் வெடிப்பு விழுகிறது என்றார். கல்லூரிப் பாடம் மாதிரி அவர் சொல்லிக்கொண்டே போக, பெண்கள் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் துளி முடியா இத்தனை கனத்தைப் பிடித்து வைக்கும் என்று ஒருத்தி சிரித்தாள். கனத்தைத் தாங்குவதற்கு இல்லை, காங்கிரீட் தானாக இறுகுகிற வரைக்கும் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹுலிகெம்மா கேட்டாள், மண்சுவர் வைக்கிறபோது சேற்றில் வைக்கோல் கூளம் போட்டு மிதிப்பதைப் போலவா என்று. மௌனேஷ் கொஞ்ச நேரம் யோசித்தார். ஆமாம், அதேதான் என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூளம் போடாத சுவர் என்ன ஆகும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் போட்டோம். ஒரே இடத்தில் கொட்டினால் பந்தாகச் சுருண்டுகொள்கிறது என்பதால், பொட்டலத்தைப் பிரித்துச் சேமியாவை உதிர்ப்பதுபோல உதிர்த்துத் தூவினார்கள். ஆனால் கொத்தனார்களுக்குப் பிடிக்கவில்லை. கலவை விறைப்பாக வருகிறது, கரணை இழுக்கிறது, தேய்த்து முடித்த பிறகும் மேலே முடி முடியாக நிற்கிறது என்று முனகினார்கள். துருகப்பாவுக்கு அது பெரிய அவமானம். அவன் தேய்த்த தளத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று மான்வி முழுவதும் பேச்சு உண்டு. ஒப்பந்தக்காரரின் ஆளாக எங்களை மேய்த்துக்கொண்டிருந்த அமரேகௌடாவுக்கு வேறு அவசரம். இன்னும் நாலு கிலோமீட்டர் பாக்கி, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை விட்டால் வேலை வேகமாகப் போகும் என்று துருகப்பா சொன்னதும், விட்டுவிடு என்றார். மூன்றாம் நாளிலிருந்து நார் மூட்டைகள் தலையணையாயின.

தண்ணீர் வேலை ஹுலிகெம்மாவுடையது. டேங்கரிலிருந்து பிடித்து என் மிக்சருக்குப் பக்கத்தில் இருக்கும் பீப்பாயை ரொப்புவாள். சாயங்காலம் முந்தைய நாட்களில் பூசிய பகுதிக்குப் போய்க் கோணிகளை நனைப்பாள். அதனால் பூசிய கால்வாய் முழுவதையும் தினமும் நடந்து பார்க்கிற ஒரே ஆள் அவள்தான். ஒரு வாரம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நார் போட்ட இரண்டு நாள் நீளத்தில் கோணியை விலக்கினாள். சொரசொரப்பு இருந்தது, முடி இருந்தது, வெடிப்பு இல்லை. அடுத்த பகுதியில் கோணியைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை, கோணி மூடாத ஓரத்திலேயே தெரிந்தது. காற்றுக்குக் குறுக்கே, வரிசையாக, கத்தியால் கீறியதுபோலக் கோடுகள். மேலே சிமெண்டுப் பாலைத் தடவி மறைத்திருந்தார்கள். அந்தப் பாலும் வெடித்திருந்தது. ஒரு கோட்டில் அவள் துடைப்பக் குச்சியை விட்டாள். குச்சி பாதி உள்ளே போனது.

"இந்த வழியாத்தான் எங்க தண்ணி போவுது லாலேண்ணா," என்றாள். நெலகுண்டிக்கு இரண்டாம் போகத் தண்ணீர் வந்து பதினோரு வருடம் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மேலே திறந்துவிடுகிற தண்ணீரில் ஒரு பங்கு மேல்மடைக்காரர்களின் பம்புக்குப் போகிறது, ஒரு பங்கு கால்வாயின் விரிசலுக்குப் போகிறது, நெலகுண்டிக்குப் பாசி மட்டும் வருகிறது. ஹுலிகெம்மாவுக்கு அங்கே மூன்று ஏக்கர். அவள் புருஷன் ஈரண்ணா பெங்களூரில் சாரம் கட்டப் போய் ஆறு வருடம் ஆகிறது. துருகப்பா தன் பங்கு நிலத்தை எப்போதோ விற்றுவிட்டான். அவனுக்குக் கால்வாய் என்பது ஒரு தளம், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம்தான் அவள் மூட்டையை உருவியது. மற்ற ஏழு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்ததால் துருகப்பா கத்தவில்லை. பின்தலையைத் தடவிக்கொண்டே, போட்டுக்கொள் என்றான். தளம் கெட்டால் உன்னைத்தான் கேட்பேன் என்றும் சொன்னான். பிறகு என்னிடம் வந்து தோளில் கை போட்டான். பன்னிரண்டு வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்துக்குச் சமையல் அடுப்பு கட்டியவன் அவன். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்று, இல்லாவிட்டால் என் பசங்களின் மணிக்கட்டு ஒடிந்துவிடும் என்றான். ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதது இல்லை. இருபத்திரண்டு வருடத்தில், கொஞ்சம் இளக்கு என்று கொத்தனார் சொன்னால் என் கை தானாக வாளியைத் தேடும். அப்படிப் பழகிய கை.

அடுத்த நாள் அந்தப் பகுதி வெடித்தது. நார் போட்டும் வெடித்தது. அமரேகௌடா எல்லோரையும் கூப்பிட்டு வெடிப்பின் பக்கத்தில் நிறுத்தினார். "பாத்துக்கோங்கம்மா. முடி வெச்சும் வழுக்கைதான்," என்றார். கொத்தனார்கள் சிரித்தார்கள். பெண்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அதுதான் ஹுலிகெம்மாவைச் சுட்டிருக்க வேண்டும். நார் மூட்டைகள் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போயின. அவள் அந்த வெடிப்பின் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஓரத்தை நகத்தால் சுரண்டி, உதிர்ந்த மாவை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தோல் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் கூடிய காங்கிரீட் அப்படித்தான் உதிரும்.

எல்லோரும் போன பிறகு என் மிக்சருக்கு வந்தாள். பீப்பாயை எட்டிப் பார்த்தாள்.

"எப்பவும் நாளைக்கு மூணு தடவ ரொப்புவேன். நேத்து நாலரை தடவ ரொப்புனேன்."

நான் மிக்சரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த இடத்தையே மறுபடியும் கழுவினேன்.

"மாமா சொன்னாரா, நீயா ஊத்துனியா?"

சொன்னான் என்றேன். சரி என்றாள். திட்டவில்லை, அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கோணி நனைக்கப் போய்விட்டாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், உடம்புக்கு என்ன என்று என் மனைவி கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். ஹுலிகெம்மா திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் எட்டுப் பெண்களும் மிக்சருக்கு முன்னால் கால்வாய்த் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜல்லி சுமக்கிற இரும்புப் பாண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள். ஹுலிகெம்மாவின் மடியில் என் தண்ணீர் வாளி. முந்தானை தலையில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தது. நார் போட வேண்டும், தண்ணீரை அவள் அளந்துதான் தருவாள், அதுவரை ஒரு சட்டி ஜல்லிகூட நகராது. இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அமரேகௌடா முதலில் நயமாகப் பேசினார். பிறகு வேறு ஊரிலிருந்து ஆள் இறக்குவேன் என்றார். இறக்குங்கள், அவர்களுக்கும் நாங்கள் சொல்லித் தருகிறோம் என்றாள் ஒருத்தி. துருகப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. நாலு பேர் முன்னால் தன் வீட்டுப் பெண் தலையில் துணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"தம்பி பொண்டாட்டியாச்சேன்னு வாய மூடிட்டிருக்கேன். எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க தம்பி பன்னெண்டாவது மாடில சாரத்துல தொங்கிட்டிருக்காரு மாமா. இங்க தண்ணி வந்திருந்தா தொங்கியிருக்க மாட்டாரு. நீங்க தேச்ச தளம் பளபளன்னு இருக்கு. அதுல மூஞ்சி பாக்கலாம், நெல்லு நட முடியுமா?"

துருகப்பா திரும்பிக் கால்வாய்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அமரேகௌடாதான் பேச்சைப் பிடித்துக்கொண்டார். நார் போட்டுத்தானே வெடித்தது, எத்தனை தடவை காட்ட வேண்டும் என்றார். அப்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஹுலிகெம்மாகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வெடிச்சது நாரால இல்ல கௌடரே. நான் ஊத்துன தண்ணியால."

எத்தனை வாளி, எந்தக் கலவையிலிருந்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் சொல்லி ஊற்றினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, துருகப்பாவின் காது சிவந்திருந்தது. அமரேகௌடா என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, உனக்கும் உன் மிக்சருக்கும் இதுதான் கடைசி வேலை என்று சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். போகும்போது ஸ்டோர் ரூம் சாவியைத் தரையில் எறிந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நார் விழுந்தது. தண்ணீரை ஹுலிகெம்மா அளந்தாள். நான் இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்டாலும் தரமாட்டாள். துருகப்பா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அவன் கை சும்மா இருக்கிற கை இல்லை. இரும்புக் கரணையைப் போட்டுவிட்டு மரப்பலகையை எடுத்தான். தேய்க்கிற நேரத்தைத் தள்ளிப்போட்டுப் பார்த்தான். கொஞ்சம் இறுகிய பிறகு பலகையைப் படுக்க வைத்து இழுத்தால் முடி பெரும்பாலும் படிந்துவிடுகிறது என்று தானாகவே கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததைத் தன் பசங்களுக்குச் சொல்லித் தரும்போது அவன் குரலில் பழைய கர்வம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அப்படிப் பூசிய இரண்டரைக் கிலோமீட்டரில் வெடிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு மூன்று இடத்தில் மயிரிழைக் கோடு விழுந்தது. ஆனால் துடைப்பக் குச்சி போகவில்லை. ஹுலிகெம்மா ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தாள்.

ஆனி நடுவில் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். மௌனேஷ் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அதிகாரி சரிவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். கை முள் குத்தியதுபோலப் பின்வாங்கியது. இது என்ன, கால்வாய்க்குத் தாடி முளைத்திருக்கிறதா என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மௌனேஷ் மேல்தளம், சுருக்கம், ஆவியாதல் என்று ஏதோ தொடங்கி நாக்குக் குழறி நின்றார். பீப்பாய்ப் பக்கத்தில் நின்றிருந்த ஹுலிகெம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"நாலு நாள் தண்ணி ஓடுனா முடி தேஞ்சிடும் சார். வெடிப்பு தேயாது."

அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, யார் இது என்று அமரேகௌடாவைக் கேட்டார். தண்ணீர் தூக்குகிறவள் என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போகும்போது ஒரு உத்தரவு போட்டார். நெலகுண்டியில்தான் தண்ணீர் திறப்பு விழா, மேடையும் அங்கேதான், பெரிய மனிதர்கள் வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கடைசி அறுநூறு மீட்டர் கண்ணாடியாக இருக்க வேண்டும். அங்கே முடி கூடாது. அமரேகௌடா அன்று சாயங்காலமே மீதி நார் மூட்டைகளை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை மௌனேஷிடம் கொடுத்தார்.

அவர்கள் ஊருக்கு முன்னால், அவர்கள் வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற மடைக்குப் பக்கத்தில் மட்டும் நார் இல்லை. இதைக் கேட்டு ஹுலிகெம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

கடைசி நீளம் தொடங்கிய காலையில் மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனிக் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்றால், தலையில் இருக்கிற பாண்டிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். மௌனேஷ் சீக்கிரமே வந்தார். அளவுக் கயிற்றைச் சரிபார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு என் மிக்சரின் என்ஜின் மூடிமேல் சாவியை வைத்தார்.

"நான் மேல்மதகுக்குப் போறேன் லாலேண்ணா. சாயங்காலம்தான் வருவேன்," என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்தார். "இந்தக் காத்துல நார் மட்டும் பத்தாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாவியைத் தொடவில்லை. ஹுலிகெம்மா வந்து எடுத்துக்கொண்டாள். முதல் கலவையில் பொட்டலம் பிரிந்தபோது காற்றில் கொஞ்சம் நார் பறந்து பெண்களின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. தட்டுத் தட்டாகக் கலவை சரிவில் விழுந்தது. துருகப்பா பலகை எதுவும் கொண்டு வந்திருக்கவில்லை; அன்று கண்ணாடித் தளம் என்று இரும்புக் கரணையோடு வந்திருந்தான். முதல் இழுப்பிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கரணை நின்றது. அவன் குனிந்தபடியே இருந்தான். நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் கரணையை எடுத்து ஓரமாக வைத்தான். பக்கத்தில் கிடந்த சென்ட்ரிங் பலகை ஒன்றை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, தொடை மீது வைத்துச் செதுக்க ஆரம்பித்தான்.

பதினொரு மணிக்குக் காற்று இன்னும் ஏறியது. பூசி ஒரு மணி நேரம்கூட ஆகாத தளத்தின் ஈரப் பளபளப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்கு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. கோணி போடலாம் என்றால், பச்சைத் தளத்தில் கோணி ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். ஹுலிகெம்மா சிமெண்டு மூட்டைகளை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை இழுத்தாள். மேற்குக் கரையின் மேல், ஜீப் போகிற பாதையில், எட்டுப் பெண்களும் காற்றைத் தடுக்க அதை முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கால் பக்கத்தை மிதித்துக்கொண்டு, தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்கள். காற்று அதைக் கடைசி முனையில் பிடுங்கியது. நான் மிக்சரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அந்த முனையைப் பிடித்தேன். தார்ப்பாய் மறைத்த இடத்தில், கீழே, தளத்தின் ஈரம் அப்படியே நின்றது. துருகப்பா அந்த மறைப்புக்குள் முட்டி போட்டுப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான்.

வடக்கே புழுதி தெரிந்தது. பெரிய அதிகாரியின் ஜீப். எங்களுக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பாதை முழுவதும் நாங்கள்தான். மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை கையை எடுக்காமல். என் பக்கத்தில் நின்றவள் திரும்பி ஹுலிகெம்மாவைப் பார்த்தாள். ஹுலிகெம்மா திரும்பவில்லை. முகத்துக்கு நேராக மண் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணை இடுக்கிக்கொண்டு மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு புடைத்த கைகள் தலைக்குமேல் இருந்தன, தார்ப்பாய் அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது, அவள் குதிகால்கள் கரை மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தன.